சென்சார் பெட்டிக்கு ஷெட் நம்பரையே பெயராக வைத்து மாட்டிக்கொண்டேன்

முட்டைக்கணக்கு:
நாமக்கல் பக்கம் 3 முட்டைக்கோழிப் பண்ணை, மொத்தம் 24 ஷெட். ஷெட்டுக்கு ஒரு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன சிப்) பெட்டி. வெப்பம், ஈரப்பதம், அமோனியா, தண்ணீர்த் தொட்டி மட்டம் என நான்கு அளவும் நிமிடத்துக்கு ஒருமுறை தனித்தனி மெசேஜாக எம்க்யூடிடி (சின்னக் கருவிகள் மெசேஜ் அனுப்பும் முறை) வழியே ஏடபிள்யூஎஸ் ஐஓடி கோருக்கு (அமேசானின் கிளவுட் சேவை) போகிறது. ஆரம்பத்தில் 4 பெட்டிதானே என்று திங் (ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு பெட்டிக்கான பதிவு) பெயரையே ‘பண்ணை1-ஷெட்3’ என்று வைத்துவிட்டேன், டாபிக்கும் (மெசேஜ் போகும் முகவரி) அதேதான். போன மாதம் ஷெட் 3 பெட்டி தண்ணீர் பட்டுப் போய்விட, அங்கிருந்த பையன் காலியாக இருந்த ஷெட் 11-இல் இருந்து கழற்றி இங்கே மாட்டிவிட்டான். இப்போது கோழியே இல்லாத ஷெட் 11-இல் அமோனியா ஏறுகிறது என்று ராத்திரி 2 மணிக்கு அலாரம் வருகிறது. பெயரை மாற்றலாம் என்று போனால் வழியே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டுமா?

கம்பிவேலை:
அழிக்க வேண்டாம். திங் பெயரை ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் புதிய திங் ஒன்று உண்டாக்கி, பெட்டியில் இருக்கிற அடையாளச் சான்றிதழையே அதோடு இணைத்துவிடுங்கள். பெயர் பெட்டியின் சீரியல் நம்பராகவோ மேக் முகவரியாகவோ (அதன் நெட்வொர்க் சிப்பின் எண்) இருக்கட்டும். நம் தாத்தாக்கள் பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்த்துக்கொண்டார்கள், அவர்கள் ஊர் மாறினாலும் யாரும் குழம்பவில்லை, டாஷ்போர்டு அப்படி இல்லை. டாபிக்கிலும் ஷெட் வேண்டாம், ‘தரவு/பெட்டி0017’ போதும். (புரிவதற்காகத் தமிழில் எழுதினேன், நிஜத்தில் ஆங்கில எழுத்தே போடுங்கள், டாபிக் மொத்தமே 256 பைட்தான், தமிழில் ஒரு குறிக்கே 3 பைட் போய்விடும்.)

நான்கு அளவையும் ஒரே ஜேசானில் (தரவை எழுதும் ஒரு வடிவம்) ஒரே மெசேஜாக அனுப்புங்கள். 96 அளவு × 1440 நிமிடம், இப்போது நாளுக்கு 1,38,240 மெசேஜ் போகிறது. சேர்த்து அனுப்பினால் 34,560. 5 கேபி வரை ஒரு மெசேஜ் கணக்குதான், நான்கு எண்ணுக்கு அதில் கால்வாசி கூட ஆகாது.

பைபோதும்:
24 பெட்டிக்கு எதற்கு ஏடபிள்யூஎஸ், பண்ணைக்கு ஒரு ராஸ்பெர்ரி பை (சின்னக் கம்ப்யூட்டர்) வாங்கி மஸ்கீட்டோ (எம்க்யூடிடி சர்வர்) போட்டால் முடிந்தது.

முட்டைக்கணக்கு:
பை வைத்துத்தான் ஆரம்பித்தோம் அண்ணா, கரண்ட் போய்ப் போய் எஸ்டி கார்டு கெட்டு, 2 மாத டேட்டா போனது. @கம்பிவேலை, ஷெட் எண்ணை திங் அட்ரிபியூட்டில் (திங்கோடு சேர்த்து வைக்கும் குறிப்பு) வைத்தால் சரியா? பெட்டி இடம் மாறும்போது அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நைட்ஷிப்ட்:
அட்ரிபியூட் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அதை மாற்றிய நொடியில் பழைய டேட்டாவும் புது ஷெட்டுடையது போலத் தெரியும், மறுபடி அதே கூத்து. தனியாக ஒரு டேபிள் வையுங்கள்: பெட்டி எண், ஷெட், எந்தத் தேதி நேரத்தில் இருந்து, எதுவரை. கிராஃப் போடும்போது அதோடு சேர்த்துப் பாருங்கள். டேட்டா வரும்போதே ஏடபிள்யூஎஸ் ரூலில் (மெசேஜ் வந்ததும் தானாக ஓடும் விதி) ஷெட் எண்ணை ஒட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், நானும் அப்படித்தான் செய்திருந்தேன். நெட் போய் பெட்டி 6 மணி நேர டேட்டாவைச் சேர்த்துவைத்து, இடம் மாறிய பிறகு அனுப்பியது. அத்தனையும் தப்பான ஷெட்டில் போய் உட்கார்ந்தது.

இதற்கு அளந்த நேரம் பெட்டியில் இருந்தே வர வேண்டும், வந்த நேரத்தை ரூலில் டைம்ஸ்டாம்ப் ஃபங்ஷன் தரும், இரண்டையும் சேமியுங்கள். கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழுவதற்குள் ஈஎஸ்பி எழுந்துவிடும், என்டிபி (நெட் வழியே வாங்கும் சரியான நேரம்) கிடைக்காமல் கடிகாரத்தின் தொடக்கமான 1970 ஜனவரி என்று அனுப்பும். அப்படி வருவதை வந்த நேரத்தை வைத்துத் திருத்தலாம்.

கம்பிவேலை:
ஆமாம், டேபிள்தான் சரி, என் பதிலில் அது விட்டுப்போனது. திங் குரூப்பை (திங்குகளின் தொகுப்பு) ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் புரோகிராம்) அப்டேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ‘சோதனை’ என்று 2 பெட்டி, மீதி இன்னொன்றில். அப்புறம் கிளையண்ட் ஐடியும் (இணையும்போது பெட்டி சொல்லும் பெயர்) திங் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். பழைய பெட்டியின் ஃபர்ம்வேரை அப்படியே காப்பி அடித்துப் புதியதில் ஏற்றினால் ஒரே ஐடியில் இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

முட்டைக்கணக்கு:
டேபிள் ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பையன் ஒவ்வொரு முறை பெட்டி மாட்டும்போதும் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டிருக்கிறான், அதில் தேதியும் நேரமும் இருக்கிறது. உட்கார்ந்து எண்ணினால் இதுவரை 9 மாற்றம், எனக்குத் தெரிந்தது 1.