புதுப்பிப்பு: மாமியின் களைப்புக்குக் காரணம் தெரிந்தது

நுரையீரல் புற்றுநோய்க்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஊசிமருந்து ஏற்றிக்கொள்ளும் மாமி கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் களைத்துப்போவது ஏன் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் சுரப்பு குறைந்திருப்பது தெரிந்தது. இம்மருந்து தூண்டிவிடும் எதிர்ப்பாற்றல் சில வேளைகளில் நம் உறுப்புகளையும் தாக்கிவிடுகிறது. அந்தச் சுரப்பை ஈடுசெய்யும் தைரொக்சின் மாத்திரை தொடங்கி, சில வாரங்களில் முற்றத்துக்கு வந்தார்; இப்போது கோயிலுக்கும் போகிறார். எவ்வளவு பெரிய ஆறுதல்!

வன்னியில் இதே சிகிச்சை பெறுவோருக்கு: களைப்பை நோயின் விதி என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். வயிற்றோட்டம், புதிய இருமல், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த ஊசி நாள்வரை காத்திராமல் உடனே காட்டுங்கள். சிகிச்சை முடிந்து மாதங்களுக்குப் பிறகும் இவை வரலாம். முல்லைத்தீவோ மாங்குளமோ, எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் மருந்தின் பெயரை முதலில் சொல்லுங்கள். இது கீமோதெரபி அல்ல, பக்கவிளைவுக்கான வைத்தியமும் வேறு.