புதுப்பிப்பு: பள்ளி மூடப்பட்ட பிறகு

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் எங்கள் ஊரில் இருந்த சிறிய தனியார் பள்ளியை மூடப்போகிறார்கள், பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பள்ளி மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு பிள்ளையும் படிப்பை விட்டு வீட்டில் நிற்கவில்லை.

பெரிய தலைவலி மாற்றுச் சான்றிதழ்தான். கட்டணப் பாக்கி இருந்த வீடுகளை இழுத்தடித்தார்கள். சான்றிதழ் தாமதமானாலும் அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். பெற்றோர் குழுவில் அதை நகலெடுத்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். கடற்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர், ஈரம் காயாத புடவையோடு வந்து அந்தத் தாளைத் தலைமை ஆசிரியரின் மேசையில் விரித்து, "சட்டத்திலேயே இருக்கிறது, பாருங்கள் சார்" என்றார். அன்றே சேர்க்கை முடிந்தது.

பிள்ளையின் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள அடையாள எண்) இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குக் கூட்டாகவே போங்கள். தனியாகப் போனவர்களுக்கு "நாளை வாருங்கள்" என்ற பதில்தான் கிடைத்தது.

இனி, நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய சிறு பிள்ளைகளுக்குத் துணை வேண்டும். அம்மாக்கள் முறை வைத்துப் போகிறோம். தொண்டி, ஏர்வாடிப் பக்கம் இதே நிலையில் இருப்பவர்கள் கேளுங்கள், அந்தத் தாளை அனுப்புகிறேன்.