குழுமத்தை மூடுகிறார்கள்: பழைய இழைகளை எப்படி எடுத்து வைப்பது?

நெட்சென்டர்காரன், திருப்பாப்புலியூர்:

எல்லோருக்கும் வணக்கம். நம்ம கடலூர், புதுச்சேரி ஆட்கள் கூடிப் பேசுகிற குழுமத்தை இந்த மாதக் கடைசியோடு மூடப்போவதாக அட்மின் அறிவித்துவிட்டார். பேர் சொல்ல வேண்டியதில்லை, இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் கைக்காசில் சர்வர் வாடகை கட்டினவர். ஓடுவதோ அரதப்பழசான பிஎச்பிபிபி மென்பொருள், புது சர்வரில் ஏற்றினால் படுத்துவிடுகிறது. புதிதாகச் சேருகிற 'உறுப்பினர்கள்' எல்லாம் கடன் தருகிற, மாத்திரை விற்கிற ரோபோக்கள். மனுஷர்கள் வாட்ஸ்அப்புக்குக் குடிபோய் எவ்வளவோ காலம் ஆச்சு.

வழியனுப்பு இழையில் (ஒரே தலைப்பில் தொடரும் பதிவுகளைத்தான் இழை என்கிறோம்) ஆளாளுக்கு அழுகிற பொம்மை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடக்கட்டும். எனக்கு உள்ளே கிடக்கிற இரண்டு இழைகளைப் பற்றித்தான் கவலை.

ஒன்று, நம்ம கெடிலம் ஆற்றைப் பற்றிய இழை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் நெட் சென்டர் வைத்திருந்த காலத்தில், ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் சாயங்காலமானால் வந்துவிடுவார். மகன் சிங்கப்பூரில். தட்டச்சு வராது, அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். அப்போது ஒருங்குறி, அதாவது இப்போது எல்லோரும் எழுதுகிற யூனிகோட், பரவலாகவில்லை. எல்லாம் திஸ்கி என்கிற பழைய தமிழ்க் குறியீட்டு முறைதான். ஒவ்வொரு கணினியிலும் எழுத்துரு போட்டு, பிரௌசரில் என்கோடிங்கை 'யூசர் டிஃபைன்ட்' என்று மாற்றி வைக்க வேண்டும். யாராவது பொடியன் அதை மாற்றிவிட்டுப் போனால் மறுநாள் வாத்தியார் திரையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, லத்தீன் பேசுது" என்பார். ஆறு ஒரு காலத்தில் ஊருக்குத் தெற்கே ஓடியதாகச் சொல்கிற கோயில் கதை, அப்பர் கரையேறியதாகச் சொல்கிற கரையேறவிட்டகுப்பம், வெள்ளம் வந்தால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று எல்லாம் சொல்லியிருக்கிறார். ஆள் போய்விட்டார், எழுதினது அங்கே மட்டும்தான் இருக்கிறது. இன்றைக்குத் திறந்தால் மறுபடி லத்தீன்தான்.

இன்னொன்று தானே புயல் இழை. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததே, அது. இங்கே கரண்ட் இல்லை, டவர் இல்லை. துபாயிலிருந்தும் பாரிஸிலிருந்தும் தெருப் பேரைப் போட்டு அம்மா அப்பாவைக் கேட்டிருப்பார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவர், நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் போட்டுக்கொண்டிருந்தார். எந்த ரோட்டில் மரம் கிடக்கிறது, எந்த வீட்டில் ஓடு பறந்தது, பண்ருட்டிப் பக்கம் யார் தோப்பில் பலாவும் முந்திரியும் சாய்ந்தது என்று மணிவாரியாக இருக்கிறது. பேப்பரில் வந்தது மாவட்டக் கணக்கு. இதில் இருப்பது தெருக் கணக்கு.

திஸ்கியை எப்படி மாற்றுவது? மொத்தத்தையும் இறக்கி வேறு இடத்தில் போட்டால் தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர் தம்பி:

அண்ணே, முதல் வேலையாக அட்மினிடம் தரவுத்தள நகல், அதாவது எஸ்கியூஎல் கோப்பு கேளுங்கள். பக்கம் பக்கமாக இறக்குவதைவிட அது மேல். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினை நம்பி உட்கார வேண்டாம். லாகின் கேட்கிற பகுதிக்குள் அது நுழையாது, நம்ம குழுமத்தில் முக்கால்வாசி அந்தப் பகுதிதான்.

நகல் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய அட்டவணைகள் 'லத்தீன்1' (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியீடு) என்று இருக்கும். அப்படியே எடுக்கச் சொல்லுங்கள். நல்லது செய்கிறேன் என்று அவர் ஒருங்குறியைச் சேமிக்கிற யூடிஎஃப்-8ஆக மாற்றி, அதையும் பாதியில் விட்டால், திஸ்கி எழுத்து இரண்டு தடவை உருமாறிவிடும். அப்புறம் பிரிப்பது பெரும்பாடு.

திஸ்கி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் சேமிக்கும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். ஒருங்குறியில் க முதலில், அதன் பின்னால் ஒகரக் குறி. எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, கொம்பைத் தூக்கிப் பின்னால் வைக்க வேண்டும். மாற்றிகள் இதைச் செய்துவிடும். ஆனால் ஒரே இழையில் பாதி திஸ்கி, பாதி ஒருங்குறி இருக்குமே, மொத்தமாக மாற்றியில் போட்டால் நல்ல பதிவும் கெடும். யூடிஎஃப்-8 ஒருங்குறியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், திஸ்கியில் ஒன்று. அதை வைத்துப் பதிவுவாரியாகப் பிரிக்க ஒரு சின்ன நிரல் எழுதி அனுப்புகிறேன்.

முத்தியால்பேட்டை:

தப்பா என்று கேட்டீர்களே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மொத்தத்தையும் பொதுவில் போடுவது தப்புதான் அண்ணா.

பிரெஞ்சுக் குடியுரிமை இழையை நினைத்துப் பாருங்கள். புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரியில் பிறந்து இங்கேயே இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தாத்தா கொடுத்தாரா இல்லையா என்பதில் பேரப்பிள்ளைகளின் பாஸ்போர்ட் நிற்கிறது. அதனால் அந்த இழையில் ஜனங்கள் பாட்டன் பூட்டன் பேர், பிறந்த தேதி, கல்யாணப் பதிவு, சொத்துத் தகராறு என்று எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார்கள். சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் பென்ஷன், யாருக்குப் போகிறது என்கிற குடும்பச் சண்டைகூட இருக்கிறது. தெரிந்த முப்பது நாற்பது பேர் படிக்கிறார்கள் என்று நம்பி எழுதினது அது. நாளைக்குக் கூகுளில் தாத்தா பேரைப் போட்டால் வந்து நிற்கும்.

பெண்கள் பகுதி என்று ஒன்று இருந்தது. அதில் நானும் எழுதியிருக்கிறேன், புனைபெயரில். அந்தப் பேரை இப்போது சொன்னால் இங்கேயே நாலு பேர் என்னைக் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பகுதியைத் தயவுசெய்து யாரும் தொட வேண்டாம்.

ஓ.டி. ஹார்பர்:

யாஹூ குழுமங்களை மூடினபோதும் இதே கூத்துதான். 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்ததும் ஓடி ஓடி இறக்கினோம். 2020 டிசம்பரில் கடையையே சாத்தினார்கள். ஜிப் கோப்பு இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. திறந்து படித்த ஒருத்தரைக் காட்டுங்கள், கறிமீன் வாங்கித் தருகிறேன். குழுமம் என்றால் ராத்திரி பத்து மணிக்கு யாரோ வம்புக்கு இழுக்க, பதிலுக்கு நாம் முண்டா தட்டினது. அதை எப்படி ஜிப் பண்ணுவீர்கள்?

நெட்சென்டர்காரன், திருப்பாப்புலியூர்:

அட்மின் தங்கமான ஆள். கேட்ட அன்றைக்கே நகல் கொடுத்துவிட்டார், லத்தீன்1 அப்படியே.

முத்தியால்பேட்டை சகோதரி சொன்னதுதான் சரி. மொத்தத்தையும் போடும் யோசனையைக் கைவிட்டேன். குடியுரிமை இழையையும் பெண்கள் பகுதியையும் என் நகலிலிருந்தே அழித்தாயிற்று. தானே இழையில் வீட்டு எண், போன் நம்பர், ஆட்களின் பேர் எடுத்துவிட்டுத் தெருவும் நேரமும் மட்டும் வைக்கிறேன். அதில் எழுதினவர்கள் யாருக்காவது வேண்டாமென்றால் தனிமடலில் சொல்லுங்கள், காரணம் கேட்க மாட்டேன். வாத்தியார் மகனிடம் பேசிவிட்டேன். அப்பா எழுதினது எல்லோரும் படிக்கத்தானே, தாராளமாகப் போடுங்கள் என்றார்.

ஹார்பர் அண்ணே, யாஹூ ஜிப்பை நீங்கள் யாருக்குக் காட்டினீர்கள், படிக்கவில்லை என்று சொல்ல? கடைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புயல் புராஜெக்ட் என்று வருகிறார்கள். விக்கிப்பீடியாவில் இருக்கிற அதே நாலு பத்தியை எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து எனக்கே அலுத்துவிட்டது. அவன் தெருவில் அன்றைக்கு என்ன விழுந்தது என்று காட்டினால் படிப்பான். வம்புச் சண்டை இழைகளை நான் எடுக்கவில்லை, உங்கள் மானம் பத்திரம்.

தம்பி, நிரல் நன்றாக ஓடுகிறது. 'ஸ்ரீ' வருகிற இடத்தில் மட்டும் கேள்விக்குறி விழுகிறது. வாத்தியார் இழையில் கோயில் பேர்கள் ஏராளம், கையால் திருத்தி மாளாது.

வில்லியனூர் தம்பி:

திஸ்கியில் 'ஸ்ரீ' ஒரே குறி அண்ணே. ஒருங்குறியில் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நாலு. என் பட்டியலில் அந்த வரி விடுபட்டுப் போயிருக்கும். திருத்திய கோப்பை ராத்திரிக்குள் அனுப்புகிறேன். கெடிலம் இழையை மட்டும் முதலிலிருந்து ஓட்டுங்கள். தானே இழை முழுக்க ஒருங்குறிதான், அதைத் தொட வேண்டாம்.