தினமும் பையில் வைத்துக்கொள்ள நல்ல மடக்குக் கத்தி எது?

கேள்வி: அட்டைப்பெட்டி, கயிறு, பழம், இதுதான் என் கத்திக்கு அன்றாட வேலை. பழையதின் பூட்டு தேய்ந்து, போன வாரம் அலகு விரல்மேலேயே மடங்கிவிட்டது. மூன்று தையல். இனி வாங்குவது பல வருடம் உழைக்க வேண்டும். பெஞ்ச்மேட் பக்அவுட்டா, கிறிஸ் ரீவ் செபென்சாவா?

பதில்: பக்அவுட் சுமார் 52 கிராம்தான், பையில் இருப்பதே தெரியாது. மடக்கும்போது விரல் அலகின் வழியில் வராது. உங்களுக்கு அதுதான் முக்கியம். பிளாஸ்டிக் பிடியை இறுக்கினால் மட்டும் லேசாக வளையும். செபென்சாவுக்கு டைட்டானியம் பிடி, நீங்களே கழற்றித் துடைக்கலாம்.

பதில்: அப்புறம், எஃகையும் பாருங்கள். 2021-இல் வந்த மேக்னாகட் எளிதில் துருப்பிடிக்காது, முனையும் சீக்கிரம் சிதறாது. ஆனால் அட்டை எந்த எஃகின் கூர்மையையும் தின்றுவிடும். சாணைக்கல்லில் அலகின் ஒரு பக்கத்தை, மறுபக்கம் மெல்லிய உலோகப் பிசிர் நகத்தில் தட்டுப்படும்வரை தேயுங்கள். பிறகு தோல்வாரில் நாலு இழுப்பு.

கேட்டவர்: சரி, பிடி வளையாமல் பல வருடம் உழைக்க வேண்டும், அதனால் செபென்சாதான். சாணைக்கல்லும் சேர்த்தே வாங்குகிறேன்.