புதுப்பிப்பு: தாத்தாவின் அப்பாவுக்கு மேலேயும் பெயர்கள் கிடைத்துவிட்டன

எங்கள் வம்சாவளியில் தாத்தாவின் அப்பாவுக்கு மேல் யார் பெயரும் தெரியவில்லை, எழுத்தில் எங்கே தேடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பழைய பத்திரங்களைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு முதலில் நன்றி.

பெரம்பூரில் சின்னத் தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது. ஒவ்வொருவரையும் 'இன்னார் குமாரர்' என்றே எழுதியிருந்ததால், ஒரே பக்கத்தில் இரண்டு தலைமுறை மேலே போக முடிந்தது. தேதி மட்டும் 'ரௌத்திரி வருஷம் தை மாதம்'. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருமே! முத்திரைத் தாளில் ஐந்தாம் ஜார்ஜ் தலை. அவர் ஆண்டது 1910 முதல் 1936 வரை. அந்த இடைவெளியில் ரௌத்திரி ஒருமுறைதான் வந்தது, 1920-21இல். அப்படியானால் 1921 ஜனவரியில் பிறந்த தைதான்.

ஆனால் அதில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. அது மனசை உறுத்தியது. அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது பாட்டியின் மொய் நோட்டு. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருந்ததில், எந்த அத்தை எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார் என்பது தெரிந்தது. தயவுசெய்து மொய் நோட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியை மட்டும் மறைத்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட்டேன்.

அடுத்து எழும்பூர் ஆவணக் காப்பகம். அங்கே பழைய தென்னாற்காடு மாவட்ட நிலப் பதிவேடுகளைப் பார்த்த அனுபவம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள்.