அம்மாவைச் சேர்ப்பதற்கு முன் பராமரிப்பு இல்லத்தின் தரத்தை எப்படிச் சோதிப்பது?

குடந்தைவாசி எழுதியது:

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு எழுபத்தெட்டு வயதாகிறது, கும்பகோணத்தில் இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாயை அண்மையில்தான் எடுத்தார்கள். சர்க்கரை நோய்க்கு இருவேளையும் இன்சுலின் போட வேண்டும். வீட்டோடு தங்குவதற்கு அமர்த்திய உதவியாளர்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. நான் இங்கிலாந்தில் வேலை செய்கிறேன். தங்கை திருச்சியில் இருப்பதால், அங்கேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில் அம்மாவைச் சேர்ப்பதென்று இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டோம். அந்த முடிவு சரியா தவறா என்று விவாதிப்பதற்காக இதை எழுதவில்லை.

தங்கை இரண்டு இல்லங்களைப் பார்த்து வந்திருக்கிறாள். ஒன்று புதுக் கட்டடம். லிஃப்ட், தோட்டம், பூசை அறை, குளிரூட்டிய வரவேற்பறை எல்லாம் இருக்கின்றன, கட்டணமும் அதற்கேற்ப அதிகம். மற்றொன்று பழைய வீடொன்றை மாற்றியமைத்தது. பார்வைக்கு எளிமையாக இருக்கிறது. இங்கிலாந்தில் இத்தகைய இல்லம் ஒவ்வொன்றையும் அரசின் தர ஆணையம் ஆய்வு செய்து, பாதுகாப்பு, பலன், பரிவு, தேவைக்கேற்ற கவனிப்பு, நிர்வாகம் என்ற ஐந்து கோணங்களில் எடைபோட்டு, நான்கு தரநிலைகளில் ஒன்றை வழங்கி, அறிக்கையை யாரும் படிக்கும்படி இணையத்தில் வெளியிடுகிறது. தமிழ்நாட்டில் எதைப் படித்து, எதைக் கேட்டு, எதைப் பார்த்து முடிவு செய்வது? கூகுளில் இருக்கும் நட்சத்திரங்களை மட்டும் நம்பி அம்மாவை ஒப்படைக்க மனம் வரவில்லை.

மலைக்கோட்டையார் எழுதியது:

அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் காகிதத்தில் இருந்து தொடங்குகிறேன். நீங்கள் சொல்லும் ஆய்வறிக்கையைப் போல எல்லோரும் படித்து ஒப்பிடக்கூடிய ஒன்றை நான் இங்கே கண்டதில்லை. ஆனால் பதிவு என்ற ஒன்று உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதற்கான தமிழ்நாட்டு விதிகள் 2009-இல் வந்தன. முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் சமூக நலத்துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சமூக நல அலுவலரிடம் உங்கள் தங்கை நேரில் விசாரிக்கலாம். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம்.

இல்லம் வெறும் தங்குமிடமாக இல்லாமல் சிகிச்சையும் அளிப்பதாகச் சொன்னால், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் வழங்கும் பதிவுச் சான்றிதழையும் கேளுங்கள். சட்டம் 1997-இல் வந்ததென்றாலும் விதிகள் 2018-இல்தான் வந்தன. அதனால் பழைய இல்லங்கள் சில "அதெல்லாம் எங்களுக்குப் பொருந்தாது" என்று சொல்லக்கூடும். மருத்துவமனைக்கு நிகரான கட்டணத்தை வாங்கிக்கொண்டு விடுதிக்கு நிகரான பொறுப்பை மட்டும் ஏற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

தீயணைப்புத் துறையின் சான்றிதழைக் கேட்பதோடு நிற்காமல், கட்டடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. இன்று எந்த இல்லத்திலும் சங்கிலி கண்ணில் படாது. ஆனால் எழுந்து நடக்க இயலாத ஒருவரை மாடியில் படுக்க வைத்து, சன்னலுக்கெல்லாம் கம்பி அடித்து, இரவு பத்து மணிக்கு வாசலைப் பூட்டிச் சாவியை மேலாளர் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றால், தீ விபத்தின்போது அந்த முதியவரின் நிலை வேறாக இருக்காது. இரவில் சாவி யாரிடம் இருக்கும், மின்சாரம் நின்று லிஃப்ட் ஓடாவிட்டால் படுக்கையில் இருப்பவரை எந்த வழியாக எத்தனை பேர் இறக்குவார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தும் பயனில்லை.

சுகந்தி சிஸ்டர் எழுதியது:

அரசு மருத்துவமனை வார்டிலும் பிறகு ஒரு பராமரிப்பு இல்லத்திலும் வேலை பார்த்தவள் நான். ஐயா சொன்ன சான்றிதழ்கள் எல்லாம் தேவைதான், தம்பி. ஆனால் அம்மா நன்றாக இருப்பதும் இல்லாததும் இரவில் எத்தனை கைகள் வேலை செய்கின்றன என்பதைப் பொறுத்தது. பகலில் சுற்றிக் காட்டும்போது எல்லா இல்லங்களிலும் ஆட்கள் நிறைந்துதான் இருப்பார்கள். நடப்பு மாதத்தின் டியூட்டி ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த நேரத்தில் பணி என்ற பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர், இரவுப் பணியில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு நீங்களே கணக்குப் போடுங்கள். தாமாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம். அப்படிப்பட்டவர்கள் இருபது பேர் இருக்க, இரவில் இருவர் மட்டும் பணியில் இருந்து, இருவரும் சேர்ந்து ஒருவரைத் திருப்பித் துடைத்து டயப்பர் மாற்றப் பத்து நிமிடம் ஆகும் என்று வைத்தாலும், ஒரு சுற்று முடிய இருநூறு நிமிடம் ஆகிறது. இரண்டு மணி நேரத்தில் இருப்பதோ நூற்றிருபது நிமிடம்தான். அந்த இல்லத்தில் திருப்பிவிடும் அட்டவணை முழுமையாக நிரப்பப்பட்டிருந்தால் அது உட்கார்ந்த இடத்தில் நிரப்பப்பட்டது என்று பொருள். மாலை ஐந்து மணிக்குப் போய் அட்டவணையைப் பார்க்கும்போது மறுநாள் காலை ஆறு மணி வரைக்கும் கையெழுத்து இருந்தால், வேறெதையும் பார்க்காமல் திரும்பி வந்துவிடலாம்.

"படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்காதீர்கள், யாரும் மாட்டோம் என்று சொல்லப் போவதில்லை. "இப்போது எத்தனை பேருக்குப் புண் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேர் இங்கே வரும்போதே புண்ணோடு வந்தார்கள்?" என்று கேளுங்கள். புண் உள்ள நோயாளிகளை மருத்துவமனைகள் இல்லங்களுக்கு அனுப்புவது வழக்கமாகையால், நேர்மையான இல்லத்திலும் ஓரிருவருக்குப் புண் இருக்கும்; எப்போது வந்தது, எந்த அளவில் இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று நோட்டில் எழுதியும் வைத்திருப்பார்கள்.

அடுத்தது, உங்கள் அம்மாவுக்கு இன்சுலின் போடப்போவது யார் என்பது. இல்லங்களில் வெள்ளைச் சீருடை போட்ட அனைவரையும் சிஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். அவர்களில் முறையாக நர்சிங் படித்துத் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், சில மாதப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். உதவியாளர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை; அவர்கள் இல்லாமல் எந்த இல்லமும் ஒரு நாள்கூட நடக்காது. ஆனால் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். பேச்சு குழறும் ஒருவரால் தலை சுற்றுகிறது என்று சொல்லவும் முடியாது. வியர்வையையும் மயக்கத்தையும் கண்டு உடனே குளுக்கோமீட்டரை எடுக்கத் தெரிந்த ஒருவராவது இரவிலும் பணியில் இருக்க வேண்டும்.

போவதென்றால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தங்கையைப் போகச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவரை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, உணர்வுள்ள பக்கமாகச் சிறிது சிறிதாக ஊட்டி, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. அவசரமாக ஊட்டினால் உணவு நுரையீரலுக்குப் போய்விடும். காய்ச்சல், சளி என்று மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுகிற பலருக்கு நேர்வது இதுதான். ஒரே ஆயா நின்றபடியே நான்கு பேருக்கு மாற்றி மாற்றி ஊட்டினால், அந்த இல்லத்துக்கு ஆள் போதவில்லை. இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கிறார்களா? அந்தத் தோள்பட்டையைத் தாங்கிப் பிடிக்கத் தசைகளுக்கு வலு இருக்காது. இழுத்தால் மூட்டு நழுவிவிடும். பயிற்சி பெற்றவர்கள் கையை இழுக்காமல் உடம்போடு அணைத்துத் தூக்குவார்கள். அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வாடையைப் பற்றி எல்லோரும் கேட்பதால் ஒரு வார்த்தை சொல்கிறேன். ஒரு கட்டிலருகே சிறுநீர் வாடை இருந்தால் அது அந்த நேரத்துச் சங்கதி. வராந்தா முழுவதும் வாடை இருந்தால் அதுதான் அவர்களின் வழக்கம். பினாயில் நெடி மூக்கைத் துளைத்தாலும் நான் சந்தேகப்படுவேன்.

நொய்யல்கரை எழுதியது:

என் தந்தையார் கோவையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார் என்பதால் ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முன்பணத்தில் எவ்வளவு, எந்தச் சூழ்நிலையில் திரும்பி வரும்? மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் கட்டணம் உண்டா? நள்ளிரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் உடன் போவது யார், நீங்கள் வந்து சேரும்வரை ஒப்புதல் கையெழுத்துப் போடுவது யார்? இவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "மருத்துவமனையோடு இணைப்பு உண்டு" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். எந்த மருத்துவமனை, எத்தனை நிமிடப் பயணம், ஆம்புலன்ஸ் யாருடையது என்று கேளுங்கள். கட்டணம் செலுத்திப் பெறும் சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி உண்டுதான். என்றாலும் அங்கே கைகொடுப்பது எழுத்தில் இருப்பது மட்டுமே.

கேமராவை உங்கள் கைப்பேசியிலேயே பார்க்கலாம் என்று சில இல்லங்கள் விளம்பரம் செய்கின்றன. வராந்தாவிலும் உணவுக்கூடத்திலும் கேமரா இருக்கட்டும். ஆனால் டயப்பர் மாற்றும் அறையில் இருக்கும் கேமராவின் காட்சி எத்தனை பேருடைய கைப்பேசிக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் அம்மா அதற்குச் சம்மதிப்பாரா? அதைவிட, தங்கை ஒரே கிழமை ஒரே நேரம் என்றில்லாமல் சொல்லாமல் கொள்ளாமல் போய்வருவதற்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாசலில் நின்றால் மற்றவர்களின் பிள்ளைகளைச் சந்திக்கலாம். இணையத்தில் எழுதாததை அவர்கள் நேரில் சொல்வார்கள்.

குடந்தைவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. தங்கை இரு இடங்களுக்கும் மறுபடி போய்வந்தாள். புது இல்லத்தில் ரோஸ்டரைக் காட்ட முடியாது, அது அலுவலக ஆவணம் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் மாடிக்குச் செல்லவும் அனுமதிக்கவில்லை. பழைய வீட்டில் கேட்டதை எல்லாம் காட்டினார்கள். மாதந்தோறும் எடை பார்த்து எழுதிய நோட்டுகூட இருக்கிறது. ஆனால் அங்கே குளியலறையில் பிடிமானக் கம்பி இல்லை, காலியாக இருக்கும் கட்டில் முதல் மாடியில் இருக்கிறது, படிக்கட்டும் குறுகல். சிலருக்கு இரவில் தூக்க மருந்து கொடுக்கப்படுவதாகவும் தங்கை கேள்விப்பட்டாள். இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது?

சுகந்தி சிஸ்டர் எழுதியது:

மாதாந்தர எடையை எழுதுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. எழுதாத இடத்தில் அது புடவை தளர்ந்த பிறகுதான் தெரியவரும். குளியலறைக் கம்பியை, அம்மா சேருவதற்கு முன்பே பொருத்தித் தரச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. மருந்து விஷயத்தில், யாருக்கு எந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தார், எப்போது மறுபரிசீலனை செய்தார் என்று கேளுங்கள். மனநோய்க்கான சில மருந்துகளை மறதி நோயுள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறதென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது. இரவுப் பணியாளர்களின் வசதிக்காக அத்தகைய மருந்தைக் கொடுப்பது கயிற்றால் கட்டிப்போடுவதற்குச் சமம். உங்களைக் கேட்காமல் புதிய தூக்க மருந்து எதையும் தொடங்கக் கூடாதென்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டையார் எழுதியது:

சிஸ்டரோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். குறுகலான படிக்கட்டைக் கம்பியைப் போலப் பிறகு சரிசெய்ய முடியாது. தரைத்தளத்தில் வாசலுக்கு அருகில் ஒரு கட்டில் காலியாகும்வரை காத்திருங்கள். அதுவரைக்கும் வீட்டில் இரண்டு உதவியாளர்களை முறை வைத்து அமர்த்தினாலும் பரவாயில்லை.

சுகந்தி சிஸ்டர் எழுதியது:

அதை மறுக்கவில்லை ஐயா. தரைத்தளம் என்பதைப் பேரம் பேசாத நிபந்தனையாகவே வைக்கட்டும். தம்பி, தரைத்தளத்தில் இடம் கிடைத்தாலும் முன்பணம் கட்டாமல் முதலில் ஒரு மாதம் மட்டும் தங்கவைக்க ஒப்புக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். சேர்க்கிற அன்று தங்கையும் பணியில் இருக்கும் நர்ஸும் சேர்ந்து, தலை முதல் குதிகால் வரை அம்மாவின் தோலைப் பார்த்து, சிவந்த இடம், காயம், வீக்கம் எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது அது ஒரு நொடி வெளுத்துவிட்டுச் சிவந்தால் கவலை இல்லை. வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. முதுகெலும்பு முடியும் இடம், இரண்டு குதிகால்கள், வலது இடுப்பெலும்பு ஆகியவற்றைத் தங்கை ஒவ்வொரு முறை போகும்போதும் இப்படிப் பார்க்கட்டும். அதற்குத் தடை சொல்லும் இல்லமாக இருந்தால் அந்த ஒரு மாதத்தோடு அம்மாவை அழைத்து வந்துவிடுங்கள்.