ஜப்பானிய எழுத்துப் பயிற்சிக்கு எந்தப் பென்சில், எந்தப் பேனா, எந்தக் கட்டம்?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 2பி பென்சில் வாங்குங்கள், சாதாரண எச்பியைவிட மென்மையும் கறுப்பும் கூடியது. ஜப்பானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் பெரும்பாலும் பி அல்லது 2பி தான் கேட்கின்றன. கையெழுத்துப் பயிற்சிக்கென்றால் 4பி, 6பி வரைக்கும் போவார்கள். கறுப்பாகத் தெரியும் என்பதற்காக மட்டுமல்ல. ஜப்பானிய எழுத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முடிவு உண்டு. அழுத்தி நிறுத்துவது தொமே, நிறுத்திய இடத்திலிருந்து கொக்கியாகத் தெறிப்பது ஹனே, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இழுத்து மெலியவிடுவது ஹராய். எச்பியில் கோடு கறுக்க வேண்டுமானால் அழுத்தியாக வேண்டும். அழுத்திய கையால் ஹராய் இழுத்தால் கோடு மெலியாமல் வெட்டுப்பட்டது மாதிரி நின்றுவிடும். 2பியில் லேசாகத் தொட்டாலே பதியும். அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அப்போதுதான் இடம் கிடைக்கும்.

முனை சீக்கிரம் மழுங்கும், அது மட்டும் தொந்தரவு. ஒரு வரிசை முடிந்ததும் பென்சிலை விரலுக்குள் கால் சுற்று திருப்பிப் பிடியுங்கள். நாலு பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நடுவில் எழ வேண்டாம். தவறாக வந்த எழுத்தை அழிக்காதீர்கள், பக்கத்துக் கட்டத்தில் திரும்ப எழுதுங்கள். 2பியை ரப்பர் தேய்த்தால் ஈஷிக்கொள்ளும்; இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும்.

* * *

மைக்ரோ டிப் பென்சில்தான் பழக்கம் என்றால் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் 2008இல் கொண்டுவந்த குரு தோகா சரியான தேர்வு. முனை தாளைத் தொட்டு எழும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு சின்னப் பற்சக்கரம் லெட்டை 9 பாகை திருப்பும்; 40 கோட்டுக்கு ஒரு முழுச் சுற்று. அட்வான்ஸ் வகையில் 18 பாகை, 20 கோடு. அதனால் முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து தேயாது. சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்தான கான்ஜியில் கையை அடிக்கடி தூக்குவதால் இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. தமிழை இதில் எழுதினால் அவ்வளவு பயன் தெரியாது, கையைத் தூக்காமல் வளைத்து வளைத்துத்தானே எழுதுகிறோம்.

0.5 மி.மீ. லெட்டை 2பியில் போட்டால் ஹனேயில் ஒடியும். ஒன்றிரண்டு சொடுக்குக்கு மேல் வெளியே நீட்டாதீர்கள், அல்லது பி போடுங்கள். தொட்டதும் முனை இம்மியளவு உள்ளே அமுங்குவது போல் இருக்கும். அது பழுது இல்லை, சக்கரம் நகர்வதற்கான இடைவெளி. ஆனால் கோடு எப்போதும் ஒரே தடிமன்தான். ஹராய் பழக இது உதவாது. எழுத்தை மனப்பாடம் ஏற்றுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

* * *

பென்சிலைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், எழுத்தைக் கெடுப்பது பாதி நேரம் கட்டம்தான். நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் புள்ளிக்கோடு போட்ட கட்டம் வேண்டும். அது இல்லாவிட்டால் எழுத்தின் இடப்பக்க உறுப்பு எவ்வளவு ஒடுங்க வேண்டும் என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஜப்பானியக் கான்ஜி நோட்டில் ஒரு பக்கத்துக்கு 50, 84, 120, 150 எழுத்து என்று அளவு அட்டையிலேயே இருக்கும். 50இல் ஆரம்பியுங்கள்.

கிடைக்காவிட்டால் 5 மி.மீ. கிராஃப் நோட்டில் 4க்கு 4 கட்டத்தைச் சேர்த்து 20 மி.மீ. சதுரமாக வரையுங்கள். நடுக்கோடுகள் தாமாகவே அமைந்துவிடும். கை பழகியதும் 2க்கு 2 சேர்த்து 10 மி.மீ. ஆக்கலாம். 3க்கு 3 வேண்டாம், நடுவில் கோடு விழாது. ஏ4 தாளில் அச்சிடுகிறவர்கள் 20 மி.மீ. கட்டம் அகலத்தில் 9, உயரத்தில் 13 வைத்தால் ஓரம் விட்டு அடங்கும். பிரிண்டரில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கட்டம் சுருங்கிவிடும். கோடு வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். கறுப்புக் கட்டத்துக்குள் எழுத்தின் வடிவம் தெரியாது.

எழுதும் தாளுக்கு அடியில் ஷிதாஜிகி என்ற மெல்லிய பிளாஸ்டிக் அட்டை வைப்பது அங்கே பள்ளிப் பழக்கம். அடுத்த பக்கத்தில் தடம் விழாது. கடினமான அட்டையில் 2பி வழுக்கும். கையெழுத்துப் பயிற்சிக்கென்றே மென்மையான வகை தனியாக விற்கிறது.

* * *

பேனாவுக்கு அவசரப்படாதீர்கள். மாறும்போது சாதாரண பால்பாயின்ட் பேனாவைத் தவிர்த்துவிட்டு ஜெல் எடுங்கள். எண்ணெய் மை சின்னக் கோடுகளில் தொடக்கத்தைத் தின்றுவிடும். கான்ஜியில் சின்னக் கோடுகள்தான் அதிகம். 10 மி.மீ. கட்டத்துக்கு 0.38 மி.மீ. முனை. மனச்சோர்வைக் குறிக்கும் ‘உட்ஸு’ எழுத்துக்கு 29 கோடு. அதை 0.7இல் எழுதினால் மைத்திட்டுதான் மிஞ்சும். 0.28 சொரசொரப்பான நோட்டில் நார் கிளப்பும், நல்ல தாள் இருந்தால் மட்டும்.

மேலிருந்து கீழாக எழுதும்போது வரிகள் வலமிருந்து இடமாகப் போகும். வலக்கைக்காரர்களின் கை ஈர மையின்மேல் உட்காரும். உள்ளங்கைக்கடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் இடக்கைக்காரர்களுக்கு யோகம்.

* * *

டேப்லெட்டில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. பல செயலிகள் கோட்டின் வரிசை சரியாக இருந்தால் போதும் என்று கோணலான கோட்டையும் நேராக்கிக் காட்டும். வரிசை மனதில் பதியும், கை திருந்தாது. கோட்டை மென்மையாக்கும் அமைப்பை அணைத்துவிட்டு எழுதுங்கள்.

மாதிரி எழுத்துக்கு ‘கியோகஷோதாய்’ என்ற பாடநூல் எழுத்துரு மட்டும் போதும். விண்டோஸ் 10இல் ‘யூடி டிஜி கியோகஷோ’ கிடைக்கும். செய்தித்தாள் எழுத்துருவைப் பார்த்து எழுதினால் ஹிரகானா என்ற ஒலியெழுத்து வரிசையின் ‘கி’, ‘சா’ இரண்டிலும் கையெழுத்தில் பிரிந்திருக்க வேண்டிய அடிவளைவு சேர்ந்துவிடும்.

* * *

இனி தூரிகைப் பேனா, அதாவது தூரிகை போன்ற முனை கொண்ட பேனா. நாராவைச் சேர்ந்த குரெதாகே 1973இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை இது. முதலில் டாம்போ நிறுவனத்தின் ஃபுதெனொசுகே பேனாவில் கடின முனை வகையை எடுங்கள். தொமேயும் ஹராயும் தெளிவாக வரும், கை நடுங்கினாலும் தாங்கும். மயிர்முனை வகைகளுக்கு அப்புறம் போகலாம். சொரசொரப்பான தாளில் ஃபெல்ட் முனை பிரிந்துபோகும். இங்க்ஜெட்டில் அச்சிட்ட கட்டத்தில் எழுதினால் கட்டத்தின் மை கரைந்து எழுத்தோடு கலக்கும். லேசர் அச்சு எடுங்கள்.

நிஜத் தூரிகை வாங்கினால் பெரியதை அடிவரை பிரித்து மையில் தோய்க்கலாம். சின்னதை நுனியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பிரியுங்கள். முழுக்கப் பிரித்தால் நுனி ஒன்றுசேராது. சின்னத் தூரிகையைக் குழாயடியில் கழுவக்கூடாது, ஈரத்தாளில் துடைத்து நுனியைக் கூட்டிவிட வேண்டும். போகுஜு என்ற புட்டி மையை எந்தக் காரணத்துக்காகவும் ஃபவுன்டன் பேனாவில் ஊற்றாதீர்கள், காய்ந்து அடைத்தால் பேனா வீண்.